கமரா இல்லாத வளைவுகள்

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் கிடைத்த நாளை நினைத்துப் பாருங்கள். பரீட்சை பெறுபேறு வந்த நாளைப் போல வீடே களைகட்டியிருக்கும். வைத்தியச் சான்றிதழுக்கு அலைந்தது, எழுத்துப் பரீட்சைக்குப் பாடமாக்கியது, 'எல்' பலகை கட்டிய வாகனத்தில் பயந்து பயந்து பழகியது எல்லாம் முடிந்து, அந்தச் சிறிய அட்டை கைக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் ஏதாவதொரு பயணம் முளைக்கும். ராத்தாவை டவுனுக்குக் கொண்டுபோக வேண்டும், உம்மாவை கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும், கலியாண வீட்டுக்கு எல்லாரும் ஒரே வேனில் போக வேண்டும்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. மூத்த மகனுக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்து மூன்று மாதம் ஆகுமுன்பே அவன் வேகக் கமராவில் மாட்டிக்கொண்டான். அந்தக் கதையை மறைத்து வைக்காமல் உங்களிடம் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அன்று மாலை நடந்தது

எங்கள் வீடு பெரகல சந்திக்குக் கிட்ட. ஊவாவின் மலைப் பாதையில் பயணம் செய்தவர்களுக்கு அந்தச் சந்தி தெரிந்திருக்கும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்ல வழியாக ஏறிவரும் பெருவீதி அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ஹப்புத்தளை, பண்டாரவளை பக்கமாக மேலே ஏறும். மற்றது கொஸ்லந்த, தியலும நீர்வீழ்ச்சியைக் கடந்து வெல்லவாயவுக்கு இறங்கும். ஒரு பக்கம் மலைச்சுவர், மறு பக்கம் பள்ளம், நடுவே வாகனம். காலையில் வெயில் அடித்த இடத்தில் பின்னேரம் கைநீட்டினால் கை தெரியாத பனிமூட்டம் இறங்கும்.

பண்டாரவளையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மகன் ஓட்டினான். நான் முன் சீற்றில் இருந்தேன். பின்னால் என் கணவரும் சின்னப் பிள்ளைகளும். சற்று முன்புதான் மழை தூறி விட்டிருந்தது. ஒரு சிறிய பஸார், அதைத் தாண்டி வீதி நேராகச் சற்று இறங்கும் இடம். மரத்தடியில் இரண்டு பொலிஸார் நின்றார்கள். ஒருவர் கையில் கறுப்பு நிறக் கருவி. மற்றவர் கையை நீட்டி வேனை ஓரங்கட்டச் சொன்னார்.

அவர் கோபப்படவில்லை, அதட்டவும் இல்லை. கருவியைத் திருப்பிக் காட்டினார். எங்கள் வேனின் இலக்கத் தகடு தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் ஓர் எண்: 68. குடியிருப்புப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். மகனின் அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு, தண்டச் சீட்டு ஒன்றை எழுதிக் கையில் கொடுத்தார்.

மகனின் முகம் சிவந்துவிட்டது. வேனை எடுத்துச் சிறிது தூரம் வந்த பிறகுதான் வாய் திறந்தான். "எதிரே எத்தனை வாகனம் வந்தது உம்மா! ஒருத்தராவது லைட் அடிச்சுக் காட்டல்லயே" என்றான்.

கவனித்தீர்களா? அவனுக்கு வந்த கோபம் தன் காலின் மீது வரவில்லை. பொலிஸ் நிற்பதைச் சொல்லாமல் போன மற்றச் சாரதிகள் மீது வந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கைபேசியை எடுத்தார். "நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் சீட்டை இல்லாமலாக்கலாம்" என்றார். பிள்ளை மீதுள்ள பாசத்தில் சொன்ன வார்த்தைதான். எத்தனையோ வீடுகளில் வாப்பாமார் இதையேதான் சொல்வார்கள். நானும் அந்த நேரம் வாய்மூடி இருந்துவிட்டேன்.

அப்போது வந்து சேர்ந்தார் என் நானா. முப்பது வருடத்துக்கு மேல் இந்த மலைப் பாதைகளில் தேயிலை லொறி ஓட்டியவர். விடயத்தைக் கேட்டுவிட்டு, "அந்தக் கோலை எடுக்க வேணாம் மச்சான். பிள்ளைக்கு இவ்வளவு மலிவா ஒரு பாடம் இனிக் கிடைக்காது" என்றார்.

அந்தக் கருவி என்ன செய்கிறது?

வேகக் கமரா என்றால் ஏதோ மாயப் பொருள் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது எளிய கணக்குத்தான். பொலிஸார் கையில் வைத்திருக்கும் லேசர் வகைக் கருவி கண்ணுக்குத் தெரியாத ஒளித்துடிப்புகளை வாகனத்தின் மீது அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கிறது. அடுத்தடுத்த துடிப்புகளில் தூரம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து வேகத்தைச் சொல்லிவிடுகிறது. இதெல்லாம் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். ராடார் வகை சற்று வேறு. ஹோன் அடித்துக்கொண்டு வரும் பஸ் நம்மைக் கடந்ததும் அதன் சத்தம் மாறிக் கேட்கிறதல்லவா? அதுபோல, ஓடும் வாகனத்தில் பட்டுத் திரும்பும் அலையும் மாறுகிறது. அந்த மாற்றத்தை அளந்தால் வேகம் தெரியும்.

இதன் வரலாறு சுவையானது. 1896ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வோல்டர் ஆர்னல்ட் என்பவர் மணிக்கு 2 மைல் மட்டுமே செல்லலாம் என்ற இடத்தில் 8 மைல் வேகத்தில் காரோட்டிப் பிடிபட்டார். அவரைத் துரத்திப் பிடித்த பொலிஸ்காரர் வந்தது சைக்கிளில்! வேகத்துக்கென விதிக்கப்பட்ட தண்டம் ஒரு ஷில்லிங்.

வேகக் கமராவை உலகெங்கும் பரவச் செய்தவர் பொலிஸ்காரரும் அல்லர், நீதிபதியும் அல்லர். ஜாவாவில் பிறந்த ஒல்லாந்துக்காரரான மோரிஸ் காட்ஸோனிடெஸ் ஒரு காரோட்டப் பந்தய வீரர். 1953இல் புகழ்பெற்ற மொன்டி கார்லோ பந்தயத்தில் வென்றவர். வளைவுகளில் தன்னுடைய கார் என்ன வேகத்தில் போகிறது என்பதைச் சரியாக அறிந்து, தன்னைத் திருத்திக்கொள்வதற்காகவே அவர் அந்தக் கருவியை உருவாக்கினார். பிறரைப் பிடிப்பதற்குப் பின்னர் பயன்பட்ட பொருள், முதலில் ஒருவர் தன்னையே கணக்குப் பார்ப்பதற்காகச் செய்த பொருள். இதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்.

பதினெட்டுக் கிலோமீற்றரில் என்ன இருக்கிறது?

"ஐம்பதுக்கும் அறுபத்தெட்டுக்கும் பெரிய வித்தியாசமா மாமா?" என்று மகன் கேட்டான். நானா பதில் சொல்லவில்லை. இளைய மகளைக் கொப்பியும் பென்சிலும் கொண்டுவரச் சொன்னார். நீங்களும் அந்தக் கணக்கைச் செய்து பார்க்கலாம்.

மணிக்கு 50 கிலோமீற்றர் என்றால் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 14 மீற்றர். 68 என்றால் 19 மீற்றர். வீதியில் ஒரு பிள்ளை குறுக்கே ஓடுகிறது என்று வையுங்கள். கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடியாவது ஆகும். அதற்குள் ஒரு வாகனம் 14 மீற்றரும் மற்றது 19 மீற்றரும் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகும் உடனே நிற்காது. மழையில் நனைந்த இறக்கத்தில் ஒவ்வொரு வினாடிக்கும் சுமார் 11 கிலோமீற்றர் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐம்பதில் வந்தவர் மொத்தம் 46 மீற்றரில் நின்றுவிடுவார். அறுபத்தெட்டில் வந்தவருக்கு 78 மீற்றர் வேண்டும்.

இப்போது கணக்கின் கடைசி வரியைப் பாருங்கள். ஐம்பதில் வந்தவர் முழுமையாக நின்றுவிட்ட அதே இடத்தில், அறுபத்தெட்டில் வந்தவர் இன்னும் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். இருவரும் ஒரே நேரத்தில் பிள்ளையைக் கண்டார்கள், ஒரே நேரத்தில் பிரேக் பிடித்தார்கள். ஒருவர் பிள்ளைக்கு முன்னால் நின்றார். மற்றவர் பிள்ளையின் மீது ஐம்பதில் மோதினார்.

மகன் அந்தக் கொப்பியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேகம் கூடும்போது ஆபத்தும் அதே அளவில்தான் கூடும் என்று நாம் எண்ணுகிறோம். அது தவறு. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ச்சேத விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஆண்டுக்குச் சுமார் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். 5 வயது முதல் 29 வயது வரையுள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணமே வீதி விபத்துத்தான். நோயால் அல்ல, பசியால் அல்ல, வீதியில்.

சந்தியில் நடந்த பாடம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானா மகனை அழைத்துக்கொண்டு பெரகல சந்திக்கு நடந்தே போனார். வாகனத்தில் போகவில்லை. கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும் வீதியோரமாகச் சிறிது தூரம் நடந்து, ஒரு பாதுகாப்பான திண்ணையில் இருவரும் அமர்ந்து இறங்கும் வாகனங்களைப் பார்த்தார்களாம். திரும்பி வந்து மகன் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். மலைப் பிரதேசத்தில் வாகனம் ஓட்டும் ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருக்க வேண்டியவை இவை.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். இது பழைய லொறிச் சாரதிகளின் பாடம். சிறிய கியரில் இறங்கும்போது இயந்திரமே வாகனத்தைப் பிடித்துக்கொள்ளும். பெரிய கியரில் விட்டுவிட்டு இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறும். கருகிய வாடை வரும். அதற்கு மேல் மிதித்தாலும் பிடிக்காது. "பிரேக் இல்லாமல் போச்சு" என்று நாம் கேள்விப்படும் விபத்துகள் பலவற்றில் பிரேக் திடீரென உடைவதில்லை. மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி, கீழே வந்து கைவிடுகிறது.

எரிபொருளை மிச்சம் பிடிக்க 'நியூட்ரலில்' விடக் கூடாது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்குவது அதைவிடக் கொடியது. இயந்திரம் ஓடாதபோது பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி விசை போய்விடும், மிதி கல்லாகிவிடும்.

ஒடுங்கிய இடத்தில் ஏறிவரும் வாகனத்துக்கு இடம் விட வேண்டும். வளைவில் முந்தக் கூடாது. பனிமூட்டத்தில் பெரிய லைட்டைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லைட்டைத் தாழ்த்த வேண்டும்.

அதன் பிறகு, எதிரே லைட் அடிக்கும் பழக்கத்தைப் பற்றி நானா கேட்டாராம்: "மருமகன், மண் சரிஞ்சு கிடக்குது, மாடு நிக்குது, வளைவில வேன் பழுதாகி நிக்குதுன்னு லைட் அடிச்சா, அவன் உயிரைக் காப்பாத்துறான். பொலிஸ் நிக்குதுன்னு லைட் அடிச்சா என்ன செய்யிறான்? உன்னை அரைக் கட்டை தூரத்துக்கு மட்டும் நல்ல சாரதியாக்குறான். அதுக்குப் பிறகு வாற வளைவில யார் லைட் அடிப்பாங்க?"

இந்தக் கேள்விக்கு ஊவா மலைகளில் விடை எழுதிக் கிடக்கிறது. 2021 மார்ச் 20ஆம் திகதி பசறையில், 13ஆம் கட்டைக்கருகே, லுணுகலையிலிருந்து புறப்பட்ட தனியார் பஸ் பள்ளத்தில் விழுந்தது. கல் விழுந்து ஒடுங்கிக் கிடந்த இடத்தில் எதிரே வந்த கனரக வாகனத்துக்கு வழிவிடும்போது நேர்ந்த விபத்து அது. 14 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில், சுற்றுலா வந்து திரும்பிய தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். இவற்றுக்கெல்லாம் வேகம் ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு விபத்துக்கும் பல காரணங்கள் இருக்கும். ஆனால் ஒன்று நிச்சயம்: இந்த வீதிகளில் ஒரு சிறு பிழைக்கும் இடமில்லை. சமவெளியில் வாகனம் வீதியை விட்டு விலகினால் வயலில் நிற்கும். இங்கே விலகினால் பள்ளம்தான்.

வெளிநாடுகளில் எப்படி?

நம் ஊர்களிலிருந்து சவூதிக்குச் சாரதி வேலைக்குப் போனவர்களுக்கு 'ஸாஹிர்' என்ற பெயர் நன்கு தெரியும். 2010இல் அந்நாட்டில் ஆரம்பிக்கப்பட்ட தானியங்கிக் கமரா முறை அது. அந்த அரபுச் சொல்லுக்கு விழித்திருப்பவர் என்று பொருள். அங்கே இரவு பகலாக விதியைப் பேணி ஓட்டிய அதே சகோதரர், விடுமுறையில் ஊருக்கு வந்ததும் வளைவில் பஸ்ஸை முந்துவதை நாம் கண்டதில்லையா? அங்கே அவர் ஓட்டியது கமராவின் பயத்தில். பயம் விமான நிலையத்தோடு நின்றுவிட்டது.

புதிய சாரதிகள் மீது சில நாடுகள் கூடுதல் கண் வைத்திருக்கின்றன. பிரித்தானியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் பெற்று இரண்டு ஆண்டுகளுக்குள் 6 தண்டப் புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் இரத்தாகும். மீண்டும் முதலிலிருந்து பரீட்சை எழுத வேண்டும். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் முதற்கட்டப் புதுச் சாரதிகள் எந்த வீதியிலும் மணிக்கு 90 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது. லண்டனிலோ சிட்னியிலோ பிள்ளை வாகனம் ஓட்டப் பழகும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கமராவால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. பல நாடுகளில் நடந்த 35 ஆய்வுகளைத் திரட்டி 2010இல் வெளியான ஒரு மதிப்பீடு, கமரா உள்ள இடங்களின் சுற்றுப்புறத்தில் உயிர்ச்சேதம், கடுங்காயம் ஏற்படுத்தும் விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்ததாகக் கூறியது. ஆனால் பெரகலையிலிருந்து வெல்லவாய வரை எத்தனை வளைவுகள்! ஒவ்வொன்றிலும் ஒரு கமரா வைக்க எந்த அரசாலும் முடியாது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது வீடுதான்.

வீடு செய்ய வேண்டியது

உங்கள் பிள்ளைக்குத் தண்டச் சீட்டு கிடைத்தால் அதை மறைக்கும் அளவுக்குப் பிள்ளையைத் திட்டாதீர்கள். மறைத்தால் நாள் கடந்துவிடும். சீட்டில் குறித்த 14 நாளைக்குள் பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி அனுமதிப்பத்திரத்தை மீட்டுக்கொள்ள வேண்டும். தவறினால் தொகை இரட்டிக்கும், பிறகு நீதிமன்றம் வரை போகும். தெரிந்தவரைப் பிடித்துச் சீட்டைக் கிழிக்க முயலாதீர்கள். அன்று கிழிவது சீட்டு மட்டுமல்ல. "எது செய்தாலும் வாப்பா பார்த்துக்கொள்வார்" என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் அன்றுதான் எழுதப்படுகிறது. அந்த எண்ணத்தோடு அவன் அடுத்த வளைவுக்குப் போவான். வளைவுக்கு யாரும் கோல் எடுக்க முடியாது.

பிள்ளை வாகனம் ஓட்டும்போது "எங்கே இருக்கிறாய்?" என்று கைபேசியில் அழைக்காதீர்கள். பயணத்துக்குக் கால் மணித்தியாலம் முந்திப் புறப்படுங்கள். முதல் சில மாதம் மழை இரவுகளில், நிறைந்த வேனோடு, தனியே மலையிறங்க விடாதீர்கள். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

இனி, இந்தக் கதையை எழுத வைத்த காரணம். அன்று பண்டாரவளையிலிருந்து புறப்பட்டபோது மகன் நாற்பத்தைந்தில்தான் ஓட்டினான். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "கொஞ்சம் கெதியாப் போங்க மகன், மஃரிபுக்கு முன்ன வீட்டுக்குப் போய்ச் சேரணும்" என்று சொன்னது நான். ஒரு தடவையல்ல, இரண்டு தடவை. பொலிஸாரின் கருவியில் பதிந்தது அவனுடைய கால், ஆனால் அதை அழுத்தியது என் வாய். அவன் இன்றுவரை அதை யாரிடமும் சொல்லவில்லை. உம்மாவைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதனால்தான் நானே சொல்கிறேன்.

தண்டப்பணத்தில் பாதியை அவன் தன் சம்பளத்தில் கட்டினான். மீதியை நான் என் கைக்காசில் கொடுத்தேன். கணவர் காரணம் கேட்டார், உண்மையைச் சொன்னேன்.

போன மாதம் அதே வீதியில் மீண்டும் வந்தோம். எதிரே வந்த லொறி இரண்டு தடவை லைட் அடித்தது. மகன் பிரேக்கில் கால் வைக்கவில்லை. வைக்கத் தேவையிருக்கவில்லை, நாற்பத்தெட்டில்தான் வந்துகொண்டிருந்தான். நானும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

உங்கள் பிள்ளை நாளைக் காலை சாவியை எடுக்கும்போது என்ன சொல்லி அனுப்பப் போகிறீர்கள்? "கெதியா வா" என்ற சொல் நாக்கில் வந்தால் அதை விழுங்கிவிட்டு, "நேரமெடுத்து வா, நாங்க காத்திருப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். காத்திருப்பதால் எந்த வீட்டுக்கும் நட்டமில்லை.